வளரப்போற நாய்க்கு இல்ல, இன்னிக்கு இருக்கிற குட்டிக்கு: கிரேட் டேனும் ஒரு இஞ்ச் டேப்பும்

(எபிசோடுல பேசினதைப் படிக்க வசதியா சுருக்கி, வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கேன்.)

போன எபிசோடுல பின்னாடி "டங்... டங்..."னு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மைக் பிரச்சினை இல்ல. எங்க வீட்டு கருப்பட்டி சந்தோஷத்துல வாலை ஆட்டுறா, அந்த வால் க்ரேட் கம்பியில போய் அடிக்குது. கருப்பட்டி ஒரு கறுப்பு கிரேட் டேன். இப்போ எட்டு மாசம். 

அதைச் சொன்னதுமே அடுத்த கேள்வி வந்துடுச்சு: "ப்ரோ, நாங்களும் பெரிய சைஸ் பிரீடு எடுத்திருக்கோம். வீட்டுக்குள்ள உச்சா போறான். என்ன க்ரேட் வாங்கலாம்?" இன்னிக்கு முழுக்க அதுதான். நான் பண்ண தப்பையும் சேர்த்தே சொல்றேன். ஏன்னா அந்தத் தப்பால இவளைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமைக்கே வந்துட்டேன்.

நான் வாங்கின முதல் க்ரேட்

அமெரிக்கன் கென்னல் கிளப் அளவுப்படி, வளர்ந்த பெண் கிரேட் டேனோட தோள் உயரம் 28-லிருந்து 30 இஞ்ச். எடை ஏறக்குறைய 50-லிருந்து 63 கிலோ. ஆண் இன்னும் பெருசு. அதாவது ஒரு ஆள் எடை. இதைப் படிச்சுட்டு நான் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள்: எப்படியும் பெருசா வளரப்போறா, இப்போ சின்னது வாங்கி மூணு மாசத்துல தூக்கிப் போடுறதுக்கு, நேரா பெருசையே வாங்கிடலாம். கடையில இருந்ததுலயே பெரிய 54 இஞ்ச் க்ரேட். கடைக்காரர் அதை "கேஜ்"னு சொன்னார். ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்ததும் "ஏன்டா, பச்சப்புள்ளைய கூண்டுல அடைக்கிறதுக்கா இவ்ளோ காசு கொடுத்த?"ன்னாங்க.

வந்தப்போ கருப்பட்டிக்கு ஒன்பது வாரம், பத்து கிலோ. 54 இஞ்ச்னா 137 செ.மீ. நீளம். அதுக்குள்ள அவ நிக்கிறதைப் பார்த்தா கல்யாண மண்டபத்துல ஒத்த ஆள் நிக்கிற மாதிரி இருந்துச்சு. நானும் நல்லா தாராளமா இருக்கட்டும்னு நினைச்சேன். அவளும் அதேதான் நினைச்சா. பின்பக்கம் உச்சா, முன்பக்கம் தூக்கம். ரெண்டு பெட்ரூம் வீடு மாதிரி, அட்டாச்டு பாத்ரூமோட.

ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு முன்னேற்றமும் இல்ல. வெளிய கூட்டிட்டுப் போனா புல்லை மோந்து பார்ப்பா. உள்ள வந்து க்ரேட்டோட பின்பக்கம் போய் நிம்மதியா ஒன்னுக்குப் போவா.

க்ரேட் எப்படி வேலை செய்யுது?

இங்கதான் அடிப்படையைப் புரிஞ்சுக்கணும். க்ரேட் ஒரு பூட்டு மட்டும் இல்ல. நாய்க்கு ஏற்கனவே இருக்கிற ஒரு பழக்கத்தைப் பயன்படுத்திக்கிற கருவி அது.

பிறந்த குட்டிக்குத் தானா உச்சா போகக்கூடத் தெரியாது. தாய் நக்கி விட்டாதான் வரும். தாயே சுத்தமும் பண்ணிடும். சுமார் மூணு வாரத்துல குட்டி நடக்க ஆரம்பிச்சதும், படுக்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து போய் இருந்துட்டு வரும். அதாவது தூங்குற இடத்தை நனைக்கக் கூடாதுங்கிறது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருது.

க்ரேட் இந்தக் குணத்தைத்தான் நம்பியிருக்கு. க்ரேட் முழுக்கவே படுக்கிற இடமா இருந்தா, குட்டி கொஞ்ச நேரம் அடக்கிப் பார்க்கும், முனகும், கதவைச் சுரண்டும். அதுதான் உங்களுக்கு சிக்னல். தூக்கிட்டு வெளிய ஓடலாம். நகர்ந்து போக இடம் இருந்துட்டா சிக்னலே வராது. குட்டி தன் விதியை மீறவும் இல்ல, நமக்கு வேண்டியதைக் கத்துக்கவும் இல்ல.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கம்பிக் கூண்டுக்குள்ளயே பிறந்து, அதுக்குள்ளயே கழிச்சு, அதுலயே படுத்து வளர்ந்த குட்டிக்கு இந்தக் குணம் மழுங்கிப் போயிருக்கலாம். குட்டி எடுக்கப் போறப்போ அது வளர்ற இடத்தைப் பாருங்க. தாயும் குட்டிகளும் படுக்கிற இடம் தனி, கழிக்கிற இடம் தனின்னு இருந்தா பாதி பயிற்சி அங்கேயே முடிஞ்ச மாதிரி.

அளவு எடுக்கிறது எப்படி?

தையற்கடை இஞ்ச் டேப் ஒண்ணு போதும். ரெண்டே அளவு.

ஒண்ணு, நீளம். குட்டி நேரா நிக்கிறப்போ மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அளந்து, அதோட 10 செ.மீ. கூட்டிக்கோங்க. ரெண்டாவது, உயரம். உட்கார வெச்சு, தரையிலிருந்து தலை உச்சி வரைக்கும், காது தூக்கின மாதிரி இருந்தா காது நுனி வரைக்கும் அளந்து, அதுக்கும் 10 செ.மீ. கூட்டிக்கோங்க. தலை குனியாம நிக்கணும், முழுசா திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். இந்த மூணும் முடிஞ்சா அளவு சரி. இதுக்குக் குறைஞ்சா கொடுமை. ரொம்பக் கூடினா பயிற்சி நடக்காது.

கருப்பட்டிக்கு அன்னிக்கு நீளம் 62 செ.மீ. பத்து கூட்டினா 72. நான் கொடுத்திருந்தது 137. ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

சின்ன பிரீடுன்னா இது பெரிய விஷயமே இல்ல. குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும் நடுவுல வித்தியாசம் கம்மி. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு, மாஸ்டிஃப் மாதிரி ராட்சச சைஸ் பிரீடுலதான் சிக்கல். பயிற்சி நடக்கிற அதே மூணு நாலு மாசத்துல உடம்பும் மடமடன்னு ஏறுது. ஞாயித்துக்கிழமை அளந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த அளவு பழசாயிடுது.

இதுக்கு மூணு வழி இருக்கு. சின்னது, நடுத்தரம், பெருசுன்னு வரிசையா மூணு க்ரேட் வாங்கலாம். பழசு யார்கிட்டயாவது இரவல் கிடைச்சா நல்ல வழிதான், சோப்பு போட்டு நல்லா கழுவி வெயில்ல காய வெச்சுக்கோங்க. தடுப்பூசி முடியாத குட்டிக்கு, நோய் வந்த நாய் இருந்த க்ரேட்டை மட்டும் வாங்கவே வாங்காதீங்க. பார்வோ வைரஸ் ரொம்ப நாள் உயிரோட இருக்கும்.

ரெண்டாவது, 48 இஞ்ச் வாங்கலாம். மத்த பெரிய நாய்களுக்கு அது தாராளம். ஆனா அந்த சைஸ்ல உயரம் பெரும்பாலும் 33 இஞ்ச் கிட்டத்தான் வரும். கிரேட் டேன் குட்டிக்கு ஐஞ்சு ஆறு மாசத்துலயே தலை இடிக்க ஆரம்பிக்கும்.

மூணாவது, பெரிய க்ரேட் வாங்கி நடுவுல நகர்த்துற மாதிரி ஒரு தடுப்பு வைக்கிறது. உயரம் கூட இருந்தா பிரச்சினை இல்ல, ஏன்னா நாய் உச்சா போறது தரையில. தரை நீளத்தை மட்டும் சுருக்கினா போதும். ராட்சச பிரீடுக்கு நான் சொல்றது இதுதான். வாங்கறப்போ "தடுப்பு கூட வருதா?"ன்னு கேட்டு வாங்குங்க. என்னோடதுல வரலை. நானும் கேட்கலை.

தடுப்பு: அட்டைப்பெட்டியிலிருந்து பட்டறை வரைக்கும்

முதல்ல பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி நடுவுல வெச்சேன். ஒரே ராத்திரியில பாதியைத் தின்னுட்டா. காலையில அதையே கக்கினா. வயித்துல அடைச்சிருந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும். தடுப்புங்கிறது கடிக்க முடியாத பொருளா இருக்கணும்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்புறம் ஜன்னல் கிரில் செய்யுற பட்டறைக்குப் போய், க்ரேட்டோட உள்அகலம், உயரம் அளவு கொடுத்து ஒரு கம்பிவலைத் தடுப்பு செஞ்சு வாங்கினேன். நீங்களும் செய்யச் சொன்னா நாலு விஷயத்தைக் கவனிங்க. வலை இடைவெளியில குட்டியோட பாதமோ தாடையோ மாட்டக் கூடாது. ஒரு இஞ்ச் கட்டம் சரியா வரும். வெல்டிங் அடிச்ச ஓரத்தை அரம் போட்டு மழுங்கடிக்கச் சொல்லுங்க. உரிஞ்சு வர்ற பெயின்ட் வேண்டாம், நக்கித் தின்னும். க்ரேட்டோட இணைக்கிறதுக்கு நட்டு போல்ட்தான், பிளாஸ்டிக் டேக் கடிச்சா போச்சு. நட்டு பக்கம் குட்டி இல்லாத பக்கமா வரட்டும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் டேப் எடுப்பேன், அளப்பேன், தேவைப்பட்டா ஒரு கம்பி தள்ளி மாட்டுவேன். தடுப்பு வெச்ச ரெண்டாவது நாளே ராத்திரி மூணு மணிக்கு முதல் முறையா முனகினா. அந்த முனகலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்ட மாதிரி வேற எந்த அலாரத்துக்கும் சந்தோஷப்பட்டதில்ல.

சென்னைக்கு எந்த க்ரேட்?

ஃபிளைட்ல அனுப்புற பிளாஸ்டிக் க்ரேட்ல மூணு பக்கம் மூடியிருக்கும். குளிர் ஊருக்கு ஓகே. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். சுத்தியிருக்கிற காத்தே சூடா, ஈரமா இருந்தா அதுவும் சரியா நடக்காது. அதனால இங்க கம்பி க்ரேட்தான். அதையும் பால்கனியில வைக்காதீங்க, மேற்கு ஜன்னலுக்கு நேராவும் வைக்காதீங்க. ஃபேன் காத்து படுற, வீட்டு ஆளுங்க கண்ணுல படுற ஹால் மூலைதான் நல்லது. 

அடித்தட்டு பிளாஸ்டிக்கா இருந்தா துருப்பிடிக்காது. வெளிய இழுத்துக் கழுவுற மாதிரி இருக்கணும். கதவுக்கு மேலயும் கீழயும் ரெண்டு தாழ்ப்பாள் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு மட்டும்னா, வளர வளர மூக்கால நெம்பியே கதவை வளைச்சிடும்.

வெறும் தட்டுல படுக்க விடாதீங்க. இவ்ளோ எடையுள்ள நாய் கெட்டியான தரையில திரும்பத் திரும்பப் படுத்தா முழங்கை மூட்டுல நீர் கோத்து வீங்கும். வழுக்காத, துவைக்கக்கூடிய விரிப்பு போடுங்க. ஆனா பயிற்சி முடியுற வரைக்கும் தண்ணி உறிஞ்சுற தடிமனான மெத்தை வேண்டாம். உச்சாவை அது உறிஞ்சிட்டா குட்டிக்கு நனைஞ்சதே தெரியாது. 

இன்னொரு முக்கியமான விஷயம். உள்ள விடுறதுக்கு முன்னாடி காலரைக் கழட்டிடுங்க. கம்பியில மாட்டினா கழுத்து இறுகும்.

நான் பண்ண பெரிய தப்பு

அளவு சரியானதும் எல்லாம் சரியாச்சுன்னு நினைச்சேன். அம்மா ஊருக்குக் கிளம்பினாங்க. அடுத்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ். வீட்டுலயிருந்தே வேலை பார்க்க முடியாத நாள். கருப்பட்டிக்கு அப்போ மூணு மாசம். காலையில பத்து மணிக்கு க்ரேட்ல விட்டுட்டுப் போனேன். ரெண்டு மணிக்கு வந்துடலாம்னு திட்டம். வந்தப்போ மணி நாலே முக்கால்.

கதவைத் திறந்ததுமே நாத்தம். தடுப்பு இருந்ததால அவளுக்கு நகரக்கூட இடம் இல்ல. தன்னோட ஒன்னுக்குலயும் ரெண்டுக்குலயும் நின்னுட்டு இருந்தா. படுக்கலை. எவ்வளவு நேரமா நின்னாளோ. வாலாட்டலை, என்னைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பொதுவா ஒரு குட்டி எத்தனை மாசமோ அதோட ஒண்ணைக் கூட்டினா, அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்க முடியும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. மூணு மாசத்துக்கு நாலு மணி நேரம். அதுவும் உச்சவரம்பு, இலக்கு இல்ல. பகல்ல ரெண்டு மணி நேரமே ஜாஸ்தி. நான் விட்டது ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. க்ரேட் சின்னதானா மூத்திரப்பை பெருசாகாது. அவ கத்துக்கிட்ட ஒரே நல்ல பழக்கத்தை நானே உடைக்க வெச்சேன்.

அதுக்கப்புறம் அவ க்ரேட் பக்கமே வரலை. தூக்கி உள்ள வெச்சா அலறினா. கீழ் வீட்டு அங்கிள் வந்து "தம்பி, ராத்திரி தூங்க முடியலப்பா"ன்னார். மூணாம் நாள் ஹவுஸ் ஓனர் போன்: "மாசக் கடைசிக்குள்ள நாயா, வீடான்னு முடிவு பண்ணிக்கோங்க." போன்ல அம்மா "திருப்பிக் கொடுத்துடுடா, ரெண்டு பேருக்குமே பாவம்"ன்னாங்க. ஒரு ராத்திரி முழுக்க நானும் அதைத்தான் யோசிச்சேன்.

நம்ம நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-ல் வந்தது, அதோட 11-ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, அசையப் போதுமான நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டுல விலங்கை அடைச்சு வைக்கிறது குற்றம். ஸ்வீடன், பின்லாந்துல வீட்டுக்குள்ள நாயை வழக்கமா க்ரேட்ல பூட்டி வைக்கவே அனுமதி இல்ல. பயணம் மாதிரி சில விதிவிலக்கு மட்டும். நான் க்ரேட்டுக்கு எதிரி இல்ல. ஆனா அம்மா "கூண்டு"ன்னு சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சு. ஆள் இருக்கிறப்போ அது பயிற்சிக் கருவி. ஆள் இல்லாம நாள் முழுக்க பூட்டினா அது கூண்டேதான்.

திரும்ப முதல்ல இருந்து

ஓனர்கிட்ட நேர்ல போய்ப் பேசி ரெண்டு மாசம் டைம் வாங்கினேன். க்ரேட் கதவைக் கழட்டி வெச்சேன். சாப்பாட்டுத் தட்டை முதல்ல வாசல்ல, ரெண்டு நாள் கழிச்சு உள்ள பாதியில, அப்புறம் கடைசியில. அவளே உள்ள போய்ப் படுக்க ஒன்பது நாள் ஆச்சு. அதுக்கப்புறம்தான் கதவை மாட்டினேன். சாப்பிடுற நேரம் மட்டும் மூடி, முடிச்சதும் திறந்தேன். அப்புறம் ஐஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்.

டைம்டேபிள் இதுதான்: தூங்கி எழுந்ததும் வெளிய. சாப்பிட்டு பத்து இருபது நிமிஷத்துல வெளிய. விளையாடி முடிச்சதும் வெளிய. ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம். தடுப்பூசி முழுசா முடியாத வயசுல தெருவுல இறக்கக் கூடாது. அதனால வேற நாய் வராத, அபார்ட்மென்ட் பின்பக்கத்து மண் தரை. லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடி. இந்த வயசுல படியில ஏத்தி இறக்கினா மூட்டுக்கு நல்லதில்லைன்னு பதினஞ்சு கிலோவைத் தூக்கிட்டுத்தான் இறங்கினேன். ஜிம்முக்குக் கட்டின காசு அந்த மாசம் வேஸ்ட். வெளிய போனதும் நல்லா தட்டிக்கொடுத்து ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன். உள்ள போயிட்டா திட்டு கிடையாது, மூக்கைத் தேய்க்கிறது கிடையவே கிடையாது. திட்டினா, போகக் கூடாதுன்னு அதுக்குப் புரியாது. உங்க கண்ணு முன்னாடி போகக் கூடாதுன்னுதான் புரியும். போன இடத்தை என்சைம் கிளீனர் போட்டுத் துடைச்சேன். பினாயில் நம்ம மூக்கைத்தான் ஏமாத்தும்.

ஆபீஸ் போற நாள்ல க்ரேட்டே இல்ல. ஹால்ல ஒரு பகுதியைத் தடுப்பு வேலி போட்டுப் பிரிச்சு, ஒரு பக்கம் படுக்கை, தண்ணி, இன்னொரு பக்கம் செயற்கைப் புல் விரிப்பு. அது அவளோட கழிப்பிடம். மதியம் வந்து வெளிய கூட்டிட்டுப் போக, பக்கத்துத் தெருவுல காலேஜ் படிக்கிற ஒரு தம்பிக்கு மாசம் ஒரு தொகை. ரெண்டு பேரும் தினமும் ஆபீஸ் போறீங்க, மதியம் யாரும் இல்லைன்னா, உங்க கேள்வி "எந்த க்ரேட்?" இல்ல, "இப்போ குட்டி எடுக்கலாமா?"ங்கிறதுதான்.

இன்னொண்ணு. இவ்ளோ பண்ணியும் அடிக்கடி சொட்டுச் சொட்டா போனா, அதைப் பிடிவாதம்னு நினைக்காதீங்க. சிறுநீர்த் தொற்றா இருக்கலாம், பெண் குட்டிகளுக்கு அது சகஜம். டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஐஞ்சாவது மாசம் தடுப்பை முழுசா எடுத்தேன். ஆறாவது மாசத்திலிருந்து வீட்டுக்குள்ள ஒரு தடவைகூட இல்ல. க்ரேட் இன்னும் ஹால்ல இருக்கு, கதவு மட்டும் பரண் மேல. தூக்கம் வந்தா அவளே போய்ப் படுத்துக்கிறா. ஓனர் போன மாசம் வாடகை வாங்க வந்தப்போ அவளைத் தள்ளி நின்னு பார்த்துட்டு, "இன்னும் வளருமா?"ன்னு மட்டும் கேட்டார்.

வளரும் சார்னு சொன்னேன்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டேப் எடுத்து குட்டியை அளங்க மக்களே. அப்படியே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வீட்டுல இருப்பீங்கன்னும் அளந்துக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். டங் டங் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.